மேசையை விட்டு எழுந்து போகிறவர்கள்: ஜெனீவா பயணக் குறிப்புகள்

ஞாயிறு, ஜெனீவா

சதுரங்கம், வீடியோ கேம், அஞ்சல்தலை சேகரிப்பு ஆகிய பொழுதுபோக்குகளும், காலநிலை மாற்றத்தைப் பற்றியும் உலக அரசியலைப் பற்றியும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கருத்துச் சொல்லும் பழக்கமும் உள்ள ஒருவர் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசித்தால், ஜெனீவாவைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம். ஐ.நா.வின் ஐரோப்பியத் தலைமையகமும் உலக சுகாதார அமைப்பும் உலக வானிலை அமைப்பும் பேருந்தில் எளிதாகச் சுற்றி வந்துவிடக்கூடிய தொலைவுக்குள் இருக்கின்றன. பிரான்சின் மிகப் பெரிய பனியாற்றுக்குக் காலையில் புறப்பட்டால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். அந்த ஒருவர் நான்தான் என்பதால், இந்த வாரம் இங்கே தங்கி, அன்றன்று பார்த்ததையும் அதையொட்டி மனத்தில் ஓடுவதையும் அன்றிரவே எழுதிவிடுவதாக இருக்கிறேன்.

இன்று போனது பாஸ்தியோன் பூங்காவுக்கு. மதச் சீர்திருத்தவாதிகளின் பிரம்மாண்டமான சிலைகளைத் தாங்கிய நீண்ட சுவர் ஒன்று அங்கே இருக்கிறது. வழிகாட்டி நூல்கள் அதைத்தான் முதலில் சொல்லும். ஆனால் கூட்டம் நின்றது நுழைவாயிலுக்கு அருகே, தரையில் வரையப்பட்டிருக்கும் பெரிய சதுரங்கக் கட்டங்களைச் சுற்றித்தான். காய்களைக் குனிந்து தூக்கி, நடந்துபோய் வைக்க வேண்டும் என்பதால், ஒரு நகர்வைச் செய்வதற்குள் அது நல்ல நகர்வா என்று ஆடுகிறவருக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது, சுற்றி நிற்பவர்களுக்கும் வந்துவிடுகிறது.

கறுப்புக் காய்களை ஆடிய பெரியவர் ஒருவர் குதிரையை இரண்டு கைகளாலும் தூக்கினார். போக வேண்டிய கட்டத்தின் ஓரம் வரை கொண்டுபோன பிறகு ஆபத்தைக் கண்டு, அதை முன்பிருந்த இடத்திலேயே வைத்துவிட்டு யானையை நோக்கி நடந்தார். எதிராளி ஒரு வார்த்தை பேசவில்லை; குதிரையின் பக்கம் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. பெரியவர் சற்று நின்று, திரும்பி வந்து, குதிரையையே நகர்த்தினார். அடுத்த நகர்வில் அது வெட்டுப்பட்டது.

நடுவர் இல்லை, கடிகாரம் இல்லை, பரிசும் இல்லை. முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. நாளைக்கு அவரோடு ஆட ஆள் கிடைத்திருக்காது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' போதுமானதாக இருந்தது என்பதே எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. இணையத்தில் சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். பக்கத்துத் திரையில் கணினி நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, அது சொல்லும் நகர்வுகளை ஆடி வெல்கிறவர்கள் அங்கே தொடர்ந்து பிடிபடுகிறார்கள், தொடர்ந்து வேறு பெயரில் வந்துகொண்டும் இருக்கிறார்கள். பூங்காவில் ஆடுகிறவர்கள் இயல்பிலேயே நேர்மையானவர்கள் என்று நான் நம்பவில்லை. வெளியே போவதற்கு இங்கே ஒரு விலை இருக்கிறது, அங்கே இல்லை.

திங்கள், ஜெனீவா

ஐ.நா. வளாகத்துக்கு எதிரே, ஒரு கால் உடைந்த நாற்காலியின் சிற்பம் 12 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. கண்ணிவெடிகளுக்கு எதிராக 1997இல் நிறுவப்பட்ட அதன் கீழே எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போனால் பெரிய பூங்கா. அதில் மயில்கள் உலாவுகின்றன. நிலத்தை நகரத்துக்கு விட்டுச் சென்ற செல்வந்தர் மயில்கள் தடையின்றி உலாவ வேண்டும் என்று நிபந்தனை விதித்தாராம். இங்கே செய்யப்பட்ட ஒப்பந்தங்களில் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுவது இது ஒன்றாவது இருக்கட்டும்.

நான் பார்க்க விரும்பியது மன்ற அறையை. ஸ்பானிய ஓவியர் ஹோசே மரியா செர்ட் பொன்னிறமும் பழுப்பும் கலந்து தீட்டிய பிரம்மாண்டமான உருவங்கள் சுவர்களையும் கூரையையும் நிறைத்திருக்கின்றன. ஆயுதக் குறைப்பு மாநாடு கூடுவது இந்த அறையில்தான். அதன் 65 உறுப்பு நாடுகளும் ஒருமித்த கருத்துக்கு வந்தால்தான் எதையும் முடிவு செய்யலாம். நடைமுறையில் பார்த்தால், ஒரே ஒரு நாடு தலையசைக்க மறுத்தாலும் போதும், எல்லாம் நின்றுவிடும். வேதி ஆயுதத் தடை உடன்படிக்கை இந்த மாநாட்டில் உருவானதுதான். அணு ஆயுதச் சோதனைகளை முற்றிலும் தடை செய்யும் உடன்படிக்கையின் வாசகமும் இங்கேதான் பேசி எழுதப்பட்டது. அது 1996இல் நடந்தது. அதற்குப் பிறகு இந்த அறையிலிருந்து ஓர் உடன்படிக்கையும் வெளிவரவில்லை, அந்தச் சோதனைத் தடையும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

அந்த அறை இருக்கும் மாளிகையே அதைவிடப் பெரிய பாடம் ஒன்றை வைத்திருக்கிறது. ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகள் சங்கத்துக்காக 1929இல் இதற்கு அடிக்கல் நாட்டினார்கள். சங்கம் இதில் குடியேறியது 1936இல். இடையில், மஞ்சூரியாவை ஆக்கிரமித்ததைக் கண்டித்ததற்காக ஜப்பான் 1933இல் வெளியேறியது. அதே ஆண்டில் ஜெர்மனியும் வெளியேறியது. 1937இல் இத்தாலி போனது. அமெரிக்காவோ சேரவே இல்லை. மேசை செய்து முடிப்பதற்குள் உட்கார வேண்டியவர்கள் எழுந்து போய்விட்டார்கள், போனதால் அவர்களுக்கு அப்போது எந்த நட்டமும் ஏற்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, சர்வதேச அமைப்புகள் எல்லாமே வெறும் பேச்சு என்று யாராவது முடிவுகட்டினால் அதை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் நான் அஞ்சல்தலை சேகரிக்கிறவன். ஜெனீவாவிலுள்ள ஐ.நா. அலுவலகம் 1969 முதல் சொந்தமாக அஞ்சல்தலை வெளியிடுகிறது. மதிப்பு சுவிஸ் பிராங்கில். இந்த வளாகத்திலிருந்து அனுப்பும் கடிதங்களுக்கு மட்டுமே அது செல்லும். எனக்கு நானே ஒரு கடிதம் எழுதி, தலையை ஒட்டி, பெட்டியில் போட்டேன். அது வீடு வந்து சேரும் என்று நான் உறுதியாக நம்புவதற்குக் காரணம், 1874இல் தொடங்கிய உலகளாவிய அஞ்சல் ஒன்றியம். போர் நடந்தாலும், தூதர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டாலும், நாடுகள் அதில் நீடிக்கின்றன. விலகினால் தன் மக்களின் கடிதங்கள் எல்லையில் நின்றுவிடும். சீனாவிலிருந்து வரும் சிறு பொதிகளுக்கான கட்டணம் நியாயமற்றது என்று சொல்லி அமெரிக்கா 2018இல் விலகல் அறிவிப்பு கொடுத்தது. மறு ஆண்டு செப்டம்பரில் இதே ஊரில் சிறப்பு மாநாடு கூடி, கட்டண முறையைத் திருத்தினார்கள், அமெரிக்கா தங்கிவிட்டது. மிரட்டல் பலித்தது என்று இதைச் சொல்லலாம். மிரட்டியவருக்கும் உள்ளேயே இருக்க வேண்டியிருந்தது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைச் சொல்கிறேன்.

செவ்வாய், ஜெனீவா

நாள் முழுவதும் மழை. ஏரிக்கு அக்கரையிலுள்ள கொலோனி மேட்டின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் வெடித்து, அதன் கந்தகத் துகள்கள் வளிமண்டலத்தில் பரவியதால், 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. அந்த மழையில் அங்கே ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த எழுத்தாளர் குழு, பொழுதுபோகாமல் பேய்க்கதை எழுதும் போட்டி வைத்துக்கொண்டது. காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது, எரிமலைகளும் மாற்றுகின்றனவே என்று வாதிடுகிறவர்கள் இந்தக் கதையை விரும்புவார்கள். கந்தகத் துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் படிந்துவிடும். நாம் எரித்து வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பகுதி நூற்றாண்டுகளுக்கு அங்கேயே இருக்கும். எரிமலையைக் காட்டி வாதிடும்போது விடுபட்டுப்போவது இந்தக் கால அளவுதான்.

நான் பேய்க்கதை எழுதவில்லை. கையடக்கக் கருவியில் வீடியோ கேம் ஆடினேன். உலக சுகாதார அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஊரில் உட்கார்ந்து அதைச் செய்வதில் ஒரு குறும்பு இருக்கிறது. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்களின் சர்வதேச வகைப்பாட்டில், கேமிங் கோளாறு ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டது. இடையில் 2020இல் பெருந்தொற்று வந்தபோது, மக்களை வீட்டில் இருக்கச் செய்வதற்காக, கேம் நிறுவனங்கள் நடத்திய சேர்ந்து விளையாடும் பிரசாரத்துக்கு அதே அமைப்பு ஆதரவு கொடுத்தது. இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. வகைப்பாடு சொல்வது நீண்ட நேரம் விளையாடுவதைப் பற்றி அல்ல. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, கேடு விளைந்த பிறகும் தொடர்வது, அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடித்திருப்பது பற்றி அது பேசுகிறது. மழை நாளில் மூன்று மணி நேரம் ஆடுகிறவர் அதில் வரமாட்டார்.

மின்சாரத்தைக் காட்டிக் கேமர்களைக் குற்றம் சாட்டுவதும் அளவு தெரியாத பேச்சுதான். 200 வாட் இழுக்கும் கன்சோலைத் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்குச் சுமார் 150 யூனிட் ஆகும். அது ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் போகும் ஒரே விமானப் பயணத்தின் முன்னால் அது எடுபடாது. தனிமனிதரின் கார்பன் தடம் என்ற கணக்கை 2000களில் விளம்பரம் செய்து பரப்பியவர்களில் பிபி என்ற எண்ணெய் நிறுவனம் முக்கியமானது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கைப் போட வேண்டும்.

புதன், லா தூர் த பேல்

ஏரிக் கரையோரமாக லொசான் வழியே போகும் ரயிலில் வந்தேன். இங்கே ஏரியை ஒட்டிய பழைய கோட்டை ஒன்றில் சுவிஸ் விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. பலகை, பகடை, சீட்டு, காய் என்று பல நாட்டு, பல காலத்து ஆட்டங்களைப் பார்த்தபடி நடக்கும்போது, மனிதர்கள் ஒருவரையொருவர் தோற்கடிக்க எத்தனை வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று வியப்பாகத்தான் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து வெல்லும் ஆட்டம், அல்லது எல்லோரும் சேர்ந்து தோற்கும் ஆட்டம், பரவலானது அண்மைக் காலத்தில்தான்.

காலநிலை மாற்றத்தை இந்த இரண்டு வகை ஆட்டங்களும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. சிட் மையரின் சிவிலைசேஷன் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே மாசு பெருகினால் உலகம் வெப்பமடைந்து நிலம் கெடும். 2019இல் அதன் ஆறாம் பாகத்துக்கு வந்த விரிவாக்கத்தில் நிலக்கரி எரித்தால் கடல் மட்டம் படிப்படியாக உயர்ந்து கடலோரக் கட்டங்கள் மூழ்கும். நாடுகள் கூடி வாக்களிக்கும் உலகப் பேரவையும் உண்டு. பல இரவுகளை அதற்குக் கொடுத்திருக்கிறேன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள், ஆனாலும் அடிப்படை கோணலாகிவிட்டது. அந்த ஆட்டத்தில் வெல்வது ஒரு நாடுதான். எதிரியின் துறைமுகம் மூழ்குவது எனக்குச் சாதகம். எனவே கெட்டிக்கார ஆட்டக்காரர் முதலில் நிலக்கரியை எரித்து முன்னேறி, பிறகு தன் கரைக்கு மட்டும் தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்வார். சில அரசுகள் உண்மையிலேயே இப்படித்தான் நடந்துகொள்கின்றன என்பதை ஆட்டத்தின் குறையாகக் கொள்வதா, சிறப்பாகக் கொள்வதா என்று தெரியவில்லை.

மேட் லீகாக்கும் மத்தேயோ மெனாபாச்சேயும் உருவாக்கி 2023இல் வெளியான டேபிரேக் என்ற பலகை விளையாட்டு இதைத் தலைகீழாக்குகிறது. ஐரோப்பா, சீனா, அமெரிக்கா, பெரும்பான்மை உலகம் (வளரும் நாடுகள்) என்ற நான்கு தரப்புகளும் ஒரே அணி. வெளியேற்றுவதைவிட அதிகமாகக் கார்பனை உறிஞ்சும் நிலையை எட்டினால் எல்லோருக்கும் வெற்றி; வெப்பநிலை எல்லை மீறினாலோ, யாராவது ஒருவரின் பகுதியில் பெருந்திரளான மக்கள் நெருக்கடிக்கு ஆளானாலோ எல்லோருக்கும் தோல்வி. ஏழைத் தரப்பின் துன்பம் பணக்காரத் தரப்பின் தோல்வியாகவும் கணக்கிடப்படுவதுதான் அதன் நுட்பம். அழகான ஆட்டம், ஆனால் ஒன்றை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது: மேசையை விட்டு யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

வியாழன், ஷாமோனி

லெமான் எக்ஸ்பிரஸ் ரயிலில் சென் ஜெர்வே வரை வந்து, அங்கிருந்து மலை ரயிலில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஷாமோனி. பிறகு சிவப்பு நிறப் பல்சக்கர ரயில் காட்டு வழியே சரசரவென்று ஏறி, 1,913 மீட்டர் உயரத்திலுள்ள மோன்தான்வேரில் இறக்கிவிட்டது. 1909இல் திறக்கப்பட்ட பாதை இது. மேர் த கிளாஸ் பனியாற்றைப் பார்ப்பதற்காகவே போடப்பட்டது.

நிலையத்தின் தடுப்புச் சுவரை ஒட்டி நின்ற பலரும் முதலில் செய்தது பனியாற்றைத் தேடியதுதான். பழைய படங்களில் பனி, நிலையத்துக்குச் சற்றுக் கீழேயே பள்ளத்தாக்கை நிரப்பிக்கொண்டு அலையலையாகக் கிடக்கிறது. இப்போது கண் முதலில் போய் நிற்பது எதிர்ச் சரிவில். மேலே மரமும் புல்லும் பாசியும் படர்ந்த பழைய பாறை. அதன் கீழே கத்தியால் கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை. அந்த எல்லைக்குக் கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில், எதுவும் முளைக்காத கல்லும் மணலும். அந்தக் கோடு 19ஆம் நூற்றாண்டில் பனி எட்டியிருந்த உயரம். அங்கிருந்து கண்ணை இறக்கிக்கொண்டே போனால், அடியாழத்தில், கற்குவியல் போர்த்திய அழுக்கான மேடு ஒன்று தெரிகிறது, பனியாறு அதுதான். சற்று அமைதியாக நின்றால், வெயிலில் இளகிய சரிவிலிருந்து கற்கள் உருண்டு விழும் ஓசை விட்டுவிட்டுக் கேட்கிறது.

பனியைக் குடைந்து ஆண்டுதோறும் குகை ஒன்று வெட்டுகிறார்கள். பனி நகர்ந்துகொண்டே இருப்பதால் சென்ற ஆண்டின் குகை இந்த ஆண்டு நிலைப்பதில்லை. குகைக்கு இறங்க 1988இல் கம்பிவடப் பெட்டி அமைத்தார்கள். பனி தாழத் தாழ, பெட்டி நிற்கும் இடத்திலிருந்து கீழே படிக்கட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியதாயிற்று. அவை ஐந்நூறைத் தாண்டிய பிறகு, 2024இல் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் புதிய கம்பிவடப் பாதையைத் திறந்தார்கள். காணாமல்போகும் ஒன்றைத் துரத்திக்கொண்டு போக இவ்வளவு எஃகு தேவைப்படுகிறது. இதைச் சுற்றுலாவின் பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இங்கே வந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவரிடம் வரைபடம் காட்டி விளக்க வேண்டிய அவசியம் இருக்காது என்பதால், நான் அந்தப் பக்கம் சாயவில்லை.

பனியாறு ஒரு வரவு செலவுக் கணக்கு. மேலே குளிர்காலத்தில் விழும் பனி அழுந்தி இறுகிக் கீழே நகர்கிறது. கீழே கோடையில் உருகுகிறது. செலவு மிஞ்சினால் முனை பின்வாங்கும். ஆனால் முனை உடனே பதில் சொல்வதில்லை. பெரிய பனியாறுகளில் அதற்குப் பத்தாண்டுகள் பல ஆகும். இன்றே உலகம் எரிப்பதை நிறுத்திவிட்டாலும், ஏற்கனவே ஏறிவிட்ட வெப்பத்துக்கு ஈடாக இந்தப் பனி இன்னும் பல ஆண்டுகள் சுருங்கும். சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன.

வீடியோ கேமில் தவறான முடிவெடுத்தால் சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற வசதி நம் தலைமுறையைக் கெடுத்துவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை நம்பவில்லை. சேவ் செய்யும் வசதியையே எடுத்துவிட்டு, ஒரே உயிரோடு ஆடும் முறையை விரும்பித் தேர்ந்தெடுக்கும் கேமர்கள் ஏராளம். விளைவு தாமதமாக வரும் ஆட்டத்தில் எப்படித் திட்டமிடுவது என்பதை அமைச்சரவைகளைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள்.

வெள்ளி, ஜெனீவா

லா ஜோங்சியோன் பாலத்திலிருந்து இரண்டு ஆறுகள் கூடுவதைப் பார்க்கலாம். ஏரியில் வண்டலைப் படியவிட்டு வரும் ரோன் தெளிந்த நீலப்பச்சை. நேரே மலையிலிருந்து வரும் ஆர்வ் பால் கலந்த சாம்பல். கூடிய பிறகும் சிறிது தூரம் இரண்டும் கலக்காமல் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. அந்தச் சாம்பல் நிறத்தில் ஒரு பகுதி, நேற்று நான் பார்த்த பனியாறு அரைத்த பாறையின் மாவு.

பிற்பகலில் உலக வானிலை அமைப்பின் கட்டடம் வரை நடந்தேன். 1988இல் தொடங்கிய காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழுவின் செயலகமும் இதில்தான் இருக்கிறது. அதன் அறிக்கைச் சுருக்கங்களை அரசுகளின் பிரதிநிதிகள் வரிவரியாகப் படித்து ஒருமித்து ஏற்க வேண்டும். ஆயுதக் குறைப்பு மாநாட்டை முடக்கிய அதே விதி இங்கே வேறு விதமாகப் பலன் தந்தது: மனிதச் செயல்பாடுதான் புவியை வெப்பமாக்கியது என்பதில் ஐயமே இல்லை என்று 2021இல் எழுதப்பட்டபோது, எண்ணெய் விற்கும் நாடுகளும் அதை ஏற்றிருந்தன. அறிவியலை ஒப்புக்கொள்வதால் உடனடியாக யாருக்கும் செலவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செலவு வரும் இடத்தில் நிலைமை வேறு. ஐ.நா. காலநிலை மாநாடுகளில் வாக்கெடுப்பு பற்றிய விதி 1995 முதல் இன்றுவரை ஏற்கப்படாமலேயே கிடக்கிறது. அதனால் எல்லாம் ஒருமித்த கருத்துதான். 2015இன் பாரிஸ் உடன்படிக்கையில் இலக்கை ஒவ்வொரு நாடும் தானே எழுதிக்கொள்ளும். அதன் கண்காணிப்புக் குழு தண்டிக்காது என்று உடன்படிக்கையே சொல்கிறது. அமெரிக்கா 2020இல் வெளியேறியது, 2021இல் திரும்பியது, 2025இல் மறுபடியும் வெளியேறும் ஆணையில் கையெழுத்திட்டது. ஒவ்வொரு முறையும் கதவு திறந்தே இருந்தது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 பாகை கூடுதல் என்று இந்தக் கட்டடத்திலிருந்துதான் அறிவித்தார்கள்.

வேறு மாதிரியும் எழுதியிருக்க முடியும் என்பதற்கு ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் செய்த மான்ட்ரியல் உடன்படிக்கை சாட்சி. சேராத நாடுகளுடன் அந்த வேதிப்பொருள்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்று உறுப்பு நாடுகளுக்கு அது தடை போட்டது. கூடவே, ஏழை நாடுகள் மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு மாறும் செலவை ஏற்க ஒரு நிதியும் பின்னர் அமைக்கப்பட்டது. 198 தரப்புகளும் சேர்ந்துவிட்டன. அன்டார்டிகாவின் மேலுள்ள ஓசோன் 2066 வாக்கில் பழைய நிலைக்குத் திரும்பும் என்று மதிப்பிடுகிறார்கள். சில நிறுவனங்கள் தயாரித்த சில வேதிப்பொருள்களையும், உலகமே எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்று கேட்பது நியாயம். அளவு வேறு, ஆனால் வெளியே நிற்பதை நட்டமாக்க வேண்டும் என்ற தேவை இரண்டிலும் ஒன்றுதான்.

அதை இப்போது ஐரோப்பிய ஒன்றியம் முயல்கிறது. இறக்குமதியாகும் எஃகு, சிமென்ட், அலுமினியம், உரம் முதலியவற்றை உற்பத்தி செய்தபோது வெளியான கார்பனுக்கு எல்லையில் விலை வைக்கும் முறை 2023 அக்டோபரில் கணக்குக் கேட்பதோடு தொடங்கியது; கட்டணம் 2026இலிருந்து கணக்காகிறது. சேராத நாடுகளின் பொருள்களுக்கு வரி விதிக்கும் நாடுகளின் கூட்டு என்று பொருளியலாளர் வில்லியம் நோர்தாஸ் முன்வைத்த காலநிலைக் கழகம் என்ற யோசனைக்கு இது நெருங்கிய உறவு. நான் இதை ஆதரிக்கிறேன், ஆனால் முழு மனத்தோடு அல்ல. அலுமினிய ஏற்றுமதியை நம்பியிருந்த மொசாம்பிக் போன்ற நாடுகள் இந்த ஆட்டத்தின் விதியை எழுதியபோது மேசையில் இல்லை; வரலாற்றில் அவை எரித்ததும் சொற்பம். வசூலாகும் பணத்தில் அவற்றுக்கென்று எதுவும் ஒதுக்கப்படவில்லை. மான்ட்ரியலிலிருந்து தண்டனையை எடுத்துக்கொண்டவர்கள் நிதியை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள் என்று நான் கருதவில்லை; வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

நாளைக் காலை பெர்னுக்கு ரயில் ஏறுகிறேன். அஞ்சல் ஒன்றியத்தின் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஊர் திரும்புவதாகத் திட்டம்.